இழுக்காத வண்டி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்த புதிது. கும்பகோணத்தில் மீனை இறக்கிவிட்டுத் திரும்பிய சசிதரன், பட்டினச்சேரியில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கதவை ஓங்கிச் சாத்தினான். சாத்திய சாத்தில் கண்ணாடி ஆடி நின்றது. வாசலோரம் உட்கார்ந்து கானாங்கெளுத்திக்குக் குடல் எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி வினோதினி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பழைய பிக்கப் வண்டிதான் அவனுக்கு மூத்த பிள்ளை. அதன் கதவை அவன் அப்படிச் சாத்தி அவள் கண்டதில்லை.

“வண்டி இழுக்க மாட்டேங்குது வினோ.”

“இழுக்கலன்னா?”

“இழுக்கலன்னா இழுக்கலதான். காலி வண்டியே அறுவதுக்கு மேல நவுர மாட்டேங்குது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், அது பாட்டுக்கு சாமி ஊர்வலம் போறாப்ல போவுது. எல்லாப் பயலும் தாண்டிப் போயிட்டான். இன்னிக்கு நாந்தான் கடைசி வண்டி.”

“வயசாவுதுல்ல மாமா வண்டிக்கு.”

“நேத்து வரைக்கும் ஆவாத வயசு இன்னிக்குக் காலையில ஆயிடுச்சா?”

வினோதினி மீனின் வயிற்றுக்குள் விட்ட விரல் அங்கேயே நின்றுபோனது. அவன் உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை ஒரு உதை விட்டான். மேற்கேயிருந்து அடித்த கச்சான் காற்று தெரு மணலை வாரி இருவர் மேலும் இறைத்தது. அவள் மீனை முந்தானையால் மூடினாள்.

கடைசி வண்டி என்பது சும்மா வாய்க்கு வந்த வார்த்தை இல்லை. காரைக்கால் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் முடிந்ததும், பெட்டிகளில் ஐஸ் கொட்டி மூடி, கும்பகோணம் போகிற வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில்தான் கிளம்பும். அங்கே மார்க்கெட்டில் முதலில் போய் நிற்கிற வண்டியைச் சுற்றி வியாபாரிகள் மொய்ப்பார்கள். அதே சங்கரா மீன் மூன்றாவது வண்டியில் வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். நாலாவது வண்டியில் வந்தால், நேற்றைய மீனா என்று கூசாமல் கேட்பார்கள். போதாக்குறைக்கு டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கடைசியாக வந்து சேருகிறவன் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும். வாங்கித் தருவதுகூடப் பெரிதில்லை. டீ கிளாசை ஒவ்வொருத்தன் கையிலும் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். மானம் போகும் இடம் அதுதான்.

சசிதரன் எப்போதும் முதல் வண்டி. அந்தப் பெயரைக் காப்பாற்ற அவன் என்ன பாய்ச்சல் பாய்கிறான் என்பது, மகள் பாரதிப்ரியா ஒருநாள் செல்லை நீட்டி, “அம்மா, அப்பா ஸ்டேட்டஸ் பாரேன்” என்று காட்டுகிற வரை வினோதினிக்குத் தெரியாது. ஸ்டீரிங்கைப் பிடித்த ஒரு கை. நூறைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்த முள். பின்னணியில் ஒரு குத்துப்பாட்டு. ஒரு கை ஸ்டீரிங்கில் என்றால் செல்லைப் பிடித்திருந்தது எந்தக் கை என்று வினோதினி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கீழே முப்பது பேர் நெருப்புப் படம் போட்டிருந்தார்கள்.

அடுத்த வீட்டு அல்லியின் புருஷனும் மீன் வண்டிதான் ஓட்டினான். போன வருஷம் நாச்சியார்கோவில் பக்கத்தில், ரோட்டோரம் நின்ற நெல் லாரிக்கு அடியில் போய்விட்டான். செய்தி வந்தபோது அல்லி உலையில் அரிசி போட்டிருந்தாள். வினோதினிதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த அந்த அரிசி காரியம் முடிகிற வரை பானையிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அல்லி இப்போது துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போகிறாள். அந்தச் சாவிலிருந்து, சசிதரன் கிளம்பிப் போனால், “எறக்கியாச்சு” என்று போன் வருகிற வரை வினோதினியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். காயவைத்த கருவாட்டை மறுபடி திருப்பிப் போடுவாள். என்றைக்காவது போன் வரத் தாமதித்தால் அல்லியின் முகத்தைப் பார்க்கவே பயப்படுவாள்.

அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். பட்டினி கிடந்தும் பார்த்தாள். “எங்கையில ஸ்டேரிங் இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது” என்று அவன் ஒரே பாட்டையே பாடினான். திருமலைராயன்பட்டினத்தில் பட்டறை வைத்திருக்கிற காஜா நஜ்முதீனிடம், பள்ளிக்கூட வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு கருவி வைக்கிறார்களாமே, அதை இதிலும் மாட்ட முடியுமா என்று ஒருமுறை கேட்டாள். காஜா பாய் வாயிலிருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். “மாட்டலாந் தங்கச்சி. மாட்டுன கையோட ஒம் மாப்ள என்னைய மையத்தாங்கொல்லையில பொதச்சிருவானே” என்றார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். வண்டியை இழுக்கவிடாமல் செய்தது வினோதினிதான்.

வண்டியைக் கழுவுவது அவள் வேலை. மீன் வண்டியைக் கழுவுவது என்பது ஏதோ தண்ணீரை ஊற்றித் துடைத்துவிடுகிற காரியம் இல்லை. பின்னால் செதிலும் ஐஸ் தண்ணீரும் ரத்தமும் கலந்து வழிந்திருக்கும். டிரைவர் சீட்டின் கீழேயும் அந்த நாற்றம் ஊறிக் கிடக்கும். தினமும் மதியம், காலடியில் கிடக்கும் கனத்த ரப்பர் விரிப்பையும் அதற்கடியிலுள்ள சாக்கையும் எடுத்து அலசி, காயவைத்து, பழையபடி விரிப்பாள். சசிதரனுக்கு அந்த விரிப்பின் அடியில் தரை என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. தடைக்காலம் முடிந்த வாரம், கிழிந்த வலையிலிருந்து ஒரு கெட்டி மிதவையை அறுத்தெடுத்தாள். அரிவாள்மணையில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். ஒரு பாதியை ஆக்சிலேட்டர் கட்டைக்கு நேர் கீழே, சாக்குக்கு அடியில் வைத்து, மேலே விரிப்பைப் போட்டு மிதித்துப் பார்த்தாள். கட்டை முக்கால்வாசி இறங்கி, மெத்தென்று நின்றுவிட்டது. தரையைத் தொட்டது போலத்தான் இருந்தது.

அவ்வளவுதான் அவள் செய்தது. வண்டிக்கு ஒரு சேதமும் இல்லை. அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்படித் தூங்கினாள்.

மூன்று நாள் கடைசி வண்டியாக டீ கிளாஸ் தூக்கியபின் சசிதரன் காஜா பாயை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டான். பாய் வருகிறார் என்று கேட்டதுமே வினோதினி கழுவுகிற சாக்கில் மிதவையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். மடி கனக்கவில்லை என்றாலும் கனத்தது.

பாய் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார்.

“பொக கக்குதா மாப்ள?”

“இல்ல பாய். முன்னாடி மேடு ஏறுனா லேசாக் கக்கும். இப்ப அதுவும் இல்ல.”

“ஹீட்டு?”

“இல்ல.”

“டீசல் கூடக் குடிக்குதா?”

சசிதரன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். “அதான் பாய் புரியல. மைலேஜ் கூடிருக்கு.”

பாய் தலையை வெளியே எடுத்தார். “என்னாப்பா சொல்லுற? இழுக்காத வண்டின்னா கரும்பொக கக்கணும், கொதிக்கணும், டீசலைக் குடிக்கணும். ஒனக்குப் பொகயும் இல்ல, சூடும் இல்ல, மைலேஜ் வேற கூடுது. சீக்குல படுத்தவன் தின்னு கொழுத்துக்கிட்டே போறான்னா அவன நான் என்னான்னு வைத்தியம் பாக்குறது?”

“ஏர் பில்டரு அடச்சிருக்குமோ? வாஞ்சூர்ல கப்பல்லேருந்து எறக்குற நெலக்கரித் தூளு பறக்குதுல்ல.”

“நீ கும்பகோணம் போற ஆளு, வாஞ்சூர்த் தூளு ஒன்னைத் தேடிக்கிட்டு வருமா?” சொன்னாரே ஒழிய, வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். கறுப்பாகக் கொஞ்சம் கொட்டியது. பிறகு எஞ்சின் பக்கம் நின்றபடியே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துவிட்டார். வண்டி உறுமியது. இன்னும் இழுத்தார். வாசல் அதிர்ந்தது. “சத்தம் கிண்ணுன்னு இருக்கே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், சட்டென்று திரும்பிக் கேட்டார்.

“வண்டிய யாரு கழுவுறது?”

வினோதினி மடியைப் பிடித்துக்கொண்டாள். “நாந்தான் பாய்.”

பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சொல்லிவிடப்போகிறார் என்றே நினைத்தாள்.

“எஞ்சின் பக்கம் தண்ணிய அடிக்காதம்மா. வயரிங் பூராப் போயிரும்.”

“சரிங்க பாய்” என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

இருவரும் ஏறி ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தார்கள். நிரவி வரை போய்விட்டு வந்தபோது சசிதரனின் முகம் பேயறைந்தது போலிருந்தது. வண்டி பறந்ததாம். பாயே பயந்துபோய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாராம். “வண்டியில ஒண்ணுமில்ல மாப்ள. ஒனக்குத்தான் தூக்கம் பத்தல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் விடியற்காலை மிதவை பழைய இடத்தில் இருந்தது. வண்டி மறுபடி அறுபதில் நின்றது.

அதற்கப்புறம் அவன் செய்யாத வைத்தியம் இல்லை. டீசல் பில்டர் மாற்றினான். டாங்கியை இறக்கிக் கழுவினான். நாகப்பட்டினத்துக்குப் போய், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நோசில்களைக் கழற்றிக் கொடுத்துச் சோதித்து வாங்கினான். கிளட்ச் வழுக்குகிறது என்று ஒருவர் சொன்னார், பிரேக் பிடித்துக்கொள்கிறது என்று இன்னொருவர் சொன்னார், சைலன்சருக்குள் குருவி கூடு கட்டியிருக்கும் என்று டீக்கடையில் ஒருவர் சத்தியம் பண்ணினார். ஒவ்வொரு முறையும் பட்டறைக்குப் போகும்போது வண்டி பாய்ந்தது, லோடு ஏற்றிப் போகும்போது படுத்தது. பட்டறைக்காரர்கள் அவனைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. டீசல் பம்பை இறக்கிப் பார்க்கலாமா, எஞ்சினையே பிரிக்கலாமா என்று அவன் கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

மிதவையை எடுத்துவிடலாமா என்று வினோதினி நினைக்காமல் இல்லை. ராத்திரி அவன் எழுந்து போய் இருட்டில் வண்டியின் அருகே நிற்பதைப் பார்க்கையில் பாவமாக இருக்கும். காலையில் அல்லி ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவதைப் பார்த்ததும் அந்தப் பாவம் போய்விடும். புலம்புகிற புருஷன் வீட்டில் இருக்கிறானே, அது போதாதா?

வண்டியில் குற்றமில்லை என்றால் வேறு எங்கேயாவது குற்றம் இருந்தாக வேண்டும். கண்ணேறு என்று தெருவில் சொன்னார்கள். வண்டியைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தான். அதுவும் பலிக்காமல் போக, இப்போது முதல் வண்டியாகப் போகிற சிவபாலன் மேல் அவனுக்குச் சந்தேகம் விழுந்தது. செய்வினை வைத்துவிட்டான், இல்லாவிட்டால் டாங்கியில் எதையோ கலக்கிறான். துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சிவபாலனின் சட்டையைப் பிடித்துவிட்டான். நாலு பேர் விலக்கிவிட்டார்கள். அல்லிதான் வந்து சொன்னாள்.

“ஒம் புருசனுக்கு என்னாடி ஆச்சு? சிவபாலன் அழுவுறான். இவன் பாட்டுக்கு நீ மருந்து வச்சிட்ட, மருந்து வச்சிட்டன்னு கத்துறான்.”

வினோதினி வெந்நீரில் கை வைத்தது போல வெடுக்கென்று எழுந்தாள், எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள்.

“சும்மா இருக்கவே மாட்டியா நீ?” என்றாள் அல்லி.

அன்று மதியம் சசிதரன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு சோற்றை அளைந்தான். நெத்திலி வறுவல் அப்படியே ஆறிக் கிடந்தது.

“நாளைக்கு நீ என்னோட வா.”

“எங்க?”

“கும்மோணத்துக்கு. வண்டியில வந்து ஒக்காந்து நீயே பாரு. எல்லாப் பயலும் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்குறான். காஜா பாய் போன எடுக்க மாட்டேங்குறாரு. பாரதிகூட அப்பா, நீ டாக்டரப் பாரேன்னு சொல்லுது. நீ ஒருத்தி வந்து பாத்துட்டு, ஆமா மாமா, இழுக்கலன்னு சொல்லு. எனக்கு அது போதும்.”

அவள் ஆறிய நெத்திலியைப் பார்த்துக்கொண்டே, “நான் எதுக்கு மாமா” என்றாள்.

“ஒன்னையும் நம்பலன்னா நான் வேற யார நம்புறது?”

இதற்கு மேல் அவளால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நாளை கிளம்புவதற்கு முன் மிதவையை எடுத்துவிடுவது, வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று இருந்துவிடட்டும் என்று முடிவு செய்துகொண்டாள். ஆனால் வண்டிக்கு யாரோ என்னவோ செய்கிறார்கள் என்ற சந்தேகத்தில் அவன் அன்றிரவு வண்டியிலேயே படுத்துக்கொண்டான். விடியற்காலையில் அவனை எழுப்பியபோது காலை அந்த விரிப்பின் மேல்தான் நீட்டியிருந்தான்.

சனிக்கிழமை. துறைமுகத்தில் லோடு ஏறும்போதே வெளிச்சம் வந்துவிட்டது. எல்லா வண்டிகளும் சேர்ந்து கிளம்பின. திருநள்ளாறு தாண்டுவதற்குள் இவர்கள் வண்டி கடைசி. சிவபாலன் முந்திப் போகும்போது ஆரன் அடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

வினோதினிக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது. மறைக்கக் கூடாது. ஜன்னல் காற்று வந்தது. ரோட்டின் இருபுறமும் குறுவைக்கு உழுதிருந்தார்கள். கொக்குகள் சேற்றில் நின்றன. இப்படி நிதானமாகப் போனால் என்ன கெட்டுவிட்டது, இப்படியே போய் இப்படியே வந்தால் என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் பக்கத்தில் இருந்தவன் நிதானமாக இல்லை. சீட்டின் நுனிக்கு வந்து, ஸ்டீரிங்கை நெஞ்சோடு அணைத்து, காலை முழுசாக இறக்கி அழுத்திக்கொண்டிருந்தான். கெண்டைக்காலில் நரம்பு புடைத்திருந்தது. அந்த மிதவையை அவன் ஒரு மாதமாக எப்படி மிதித்திருக்கிறான் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“பாத்தியா? பாரு, முள்ளப் பாரு.”

“ஆமா மாமா.”

“இழுக்கலல்ல?”

“இழுக்கல.”

அம்பகரத்தூர் தாண்டியதும் முன்னால் ஒரு செங்கல் லாரி. தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. சசிதரன் கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே போனான். பொறுமை போய்விட்டது. வலப்பக்கம் ஒடித்து வெளியே வந்தான். லாரியின் பாதி வரை வண்டி போனது. அதற்கு மேல் போகவில்லை. லாரியும் ஓடுகிறது, இதுவும் ஓடுகிறது, இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டன. எதிரே, திருநள்ளாற்றுக்குக் கூட்டம் ஏற்றிக்கொண்டு வரும் சுற்றுலா பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது.

“மாமா, பஸ்சு.”

அவன் மிதித்தான். வண்டி அதே உறுமல் உறுமியது. பின்வாங்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தான். லாரியின் பின்னால் அவன் விட்டு வந்த இடத்தில் ஒரு கார் வந்து நுழைந்திருந்தது.

“மாமா!”

அவன் ஸ்டீரிங்கை வலப்பக்கமாகவே இன்னும் ஒடித்தான். வண்டி ரோட்டை விட்டு எதிர்ப்பக்கத்து மண்ணில் இறங்கி, குதித்து, கருவை முள்ளைக் கிழித்து, வாய்க்கால் கரையில் போய் நின்றது. பஸ் ஆரனைப் பிடித்தபடி அவர்களுக்கும் லாரிக்கும் நடுவே போனது. பின்னால் மீன் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. ஐஸ் கொட்டுகிற சத்தம் சற்று நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் அவன்தான் பேசினான். “அடி பட்டுச்சா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“இப்ப நம்புறியா?” என்றான். “இது மொத தடவ இல்ல வினோ. இந்த ஒரு மாசத்துல எத்தன தடவ இப்புடி மாட்டிக்கிட்டேன் தெரியுமா? வெளில எடுத்துட்டேன்னா போவ மாட்டேங்குது. திரும்ப உள்ளயும் வர முடியல. பூந்தோட்டத்துக்கிட்ட ஒரு நாளு கண்ண மூடிட்டேன். சத்தியமா மூடிட்டேன். பாரதிய நெனச்சுக்கிட்டேன்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ தூங்க மாட்டல்ல. ஒரு வருசமாத் தூங்காம இருந்துட்டு இப்பத்தான் ஒழுங்காத் தூங்குற.”

வினோதினிக்கு அழுகைகூட வரவில்லை. இவனைக் காப்பாற்றுகிறோம் என்று அவள் நிம்மதியாகத் தூங்கிய ஒவ்வொரு நாளும் இவன் சாவின் மூக்கைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறான். அல்லிக்காவது அது விதி என்று சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. இவளுக்கு என்ன இருந்திருக்கும்? தன் கையாலேயே அறுத்து, தன் கையாலேயே வைத்தது.

அவள் இறங்கி, சுற்றி வந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். “கால எடுங்க” என்றாள். அவன் ஒன்றும் புரியாமல் காலைத் தூக்கிக்கொண்டான். அவள் விரிப்பைத் தூக்கி, சாக்கை விலக்கி, அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள். மிதித்து மிதித்துத் தட்டையாகிப் போயிருந்தது.

“நாந்தான் வச்சேன்.”

அவன் அதைப் புரட்டிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஆக்சிலேட்டரை வெறுங்காலால் மிதித்துப் பார்த்தான். அது தரை வரைக்கும் இறங்கியது.

“எதுக்கு?”

“நீங்க செத்துருவீங்கன்னு பயந்துதான் மாமா. அல்லி மாரி என்னால இருக்க முடியாது. அவ அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல. சொன்னேன், கேக்கல. அழுதேன், சிரிச்சீங்க. வேற எனக்கு என்னா தெரியும்? வேகமாப் போவலன்னா சாவ மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவன் இறங்கி வாய்க்காலுக்குப் போய், அந்தத் துண்டைத் தண்ணீரில் வீசினான். அது முங்குமா? மிதந்துகொண்டே போனது. அவன் குந்தி உட்கார்ந்து முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினான். கழுவியபடி, திரும்பாமலே பேசினான்.

“டீசல் பில்டரு மாத்துனேன். டாங்கிய எறக்கிக் கழுவுனேன். பூசணிக்கா ஒடச்சேன்.”

“தெரியும் மாமா.”

“சிவபாலன் சட்டையப் புடிச்சேன். அவன் கொழந்த மேல சத்தியம் பண்ணுனான். அப்பவும் விடல.”

“நான் போய் அவருக்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்.”

“நீ எதுக்குக் கேக்கணும்? புடிச்சது நானு.” இன்னொரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டான். “காஜா பாய்க்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது.”

“அந்த மட்டும் மானம் பொழச்சுது.”

அதைச் சொல்லும்போது அவன் சிரித்தானா, அழுதானா என்று பின்பக்கம் நின்றிருந்த அவளுக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவள் முந்தானையை எடுத்து நீட்டினாள். அவன் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு இருவருமாகச் சேர்ந்து பெட்டிகளை நிமிர்த்தினார்கள். கொட்டிய ஐஸை அள்ளிப் போட்டார்கள். சங்கரா கொஞ்சம் மண்ணாகிவிட்டது. அதை வாய்க்காலில் அலசி மேலாக அடுக்கினாள். வேலை முடிந்ததும் அவன் வண்டியில் சாய்ந்து நின்று, பஸ் போன வழியைப் பார்த்தான்.

“ஒண்ணு சொல்லட்டுமா வினோ? தனியா இருந்தா நான் மண்ணுல எறக்கிருக்க மாட்டேன். பஸ்சுக்கும் லாரிக்கும் நடு இடுக்குல நொழையத்தான் பாத்துருப்பேன். இத்தன நாளும் அப்புடித்தான் நொழைஞ்சேன். இன்னிக்கி நீ பக்கத்துல இருந்த. கை தன்னால ஒடிச்சிருச்சு.”

அவள் சுற்றிப் போய்த் தன் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டில் ஏற்றினான். காலை லேசாக வைத்ததற்கே வண்டி துள்ளியது. ஒரு மாதமாக அமுங்கிக் கிடந்த சத்தம் முழுசாக வெளியே வந்தது. சசிதரனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை வினோதினி பார்த்தாள். முள் எழுபதுக்கு ஏறியது. அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகப் போங்கள் என்று சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

ரோடு இடப்பக்கமாக வளையும் இடத்தில் முன்னால் ஒரு பால் வண்டி. கேன்கள் கடகடவென்று ஆட, மெல்லப் போய்க்கொண்டிருந்தது. சசிதரன் அதன் பின்னால் போய் ஒட்டினான். வலப்பக்கம் எட்டிப் பார்த்தான். பால் வண்டியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இந்த மாதிரி இடங்களில் அவன் என்ன செய்வான் என்பது அவளுக்குத் தெரியும். ஆரனில் கையை வைத்து, கண்மண் தெரியாமல் வெளியே எடுப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி வெளியே போகவில்லை.

“வினோ.”

கண்ணைத் திறந்தாள். அவன் காலைத் தளர்த்தி வைத்திருந்தான்.

“எனக்கு இங்கேருந்து தெரியல. வளைவு ஒம் பக்கம். ஒனக்குத்தான் தெரியும். பாத்துச் சொல்லு, போவட்டுமா?”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கேட்டு எதுவும் செய்ததில்லை. வண்டி வாங்கியதையே வாங்கிவிட்டு வந்துதான் சொன்னான். வினோதினி கைப்பிடியை விட்டாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, வளைவு முடிகிற தூரம் வரைக்கும் பார்த்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

“செத்த இருங்க.”

அவன் இருந்தான். மோட்டார் சைக்கிள் வந்து, கடந்து போனது. அவள் மறுபடி பார்த்தாள். ரோடு வெறுமையாகக் கிடந்தது. இன்னொரு தரமும் பார்த்தாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“போங்க மாமா,” என்றாள். “நல்லா மிதிச்சுப் போங்க.”